வர வழியில்லை

எங்கள் ஊர் ஓரிக்கை. சின்ன காஞ்சிபுரத்தைத் தாண்டி, பாலாற்றுப் பக்கமாக நடந்தால் வருகின்ற ஊர். இன்று காஞ்சிபுரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டாலும், காலையில் தெருவில் நின்று காது கொடுத்தால் இன்னும் சில வீடுகளில் தறிச் சத்தம் கேட்கும்.

ஊரின் பெயருக்கு ஒரு பழங்கதை உண்டு. கணிகண்ணன் என்னும் அடியவரைப் பல்லவ மன்னன் நாடு கடத்தினான். அவருடைய ஆசிரியரான திருமழிசையாழ்வாரும் சீடனோடு புறப்பட்டுவிட்டார். ஆழ்வார் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னே நடந்தாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவு இருக்கை'யாகி, நாளடைவில் ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். மன்னன் தவற்றை உணர்ந்து வேண்டிக்கொள்ள, போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

போனவர் திரும்பிய கதையைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில், எங்கள் வீட்டில் மட்டும் போனவர் ஒருவர் திரும்பவில்லை. அவர் ஏன் திரும்பவில்லை என்பதை, எங்கோ தென்கோடியில் மணலில் புதைந்து கிடக்கும் ஒரு புகைவண்டி நிலையம்தான் எனக்குச் சொல்லித் தந்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

என்னை வளர்த்தவர் என் தாயின் தாய். நாங்கள் 'ஆயா' என்று அழைப்போம். ஆயாவின் தந்தை பட்டு நெசவாளி. குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தபடியே வாழ்நாளைக் கழித்தவர். கோர்வைப் புடவை நெய்யத் தனியொருவரால் ஆகாது. கரைக்கான நாடாவை எதிர்ப்புறம் இருந்து வாங்கிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். சிறுவயதில் அந்தத் துணையாக உட்கார்ந்தவர் அவருடைய தம்பி. அண்ணனும் தம்பியும் ஒரே தறியில் எதிரெதிரே இருந்து வளர்ந்தவர்கள்.

அந்தத் தம்பி இளவயதிலேயே கொழும்புக்குப் போனார். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. எங்களுக்கு அவர் சின்னத் தாத்தா, நான் பார்த்ததில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அவர் ஊருக்கு வருவாராம். தேயிலைப் பொட்டலமும், மடக்குக் குடையும், பிள்ளைகளுக்கு மிட்டாயும் தகரப் பெட்டியில் வரும். திரும்பிப் போகும் நாளில் ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரம் நிலையம் வரை வீடே அவரோடு நடக்கும். பெட்டியைத் தலையில் தூக்கியவர் அண்ணன். கையைப் பிடித்து நடந்தவள் ஆயா.

நம் காஞ்சிபுரத்துக்கு 1865ஆம் ஆண்டிலேயே அரக்கோணத்திலிருந்து இருப்புப்பாதை வந்துவிட்டது. பின்னர் அது செங்கல்பட்டு வரை நீண்டது. நானும் என் தோழியரும் இன்று கல்லூரிக்கு வருவது அந்தப் பாதையில்தான். வாலாஜாபாத், பாலூர் என்று நிலையங்கள் கடந்து செங்கல்பட்டில் இறங்குகிறோம். சின்னத் தாத்தாவும் இதே செங்கல்பட்டில்தான் இறங்கினார். நாங்கள் இறங்கிக் கல்லூரிக்கு நடக்கிறோம்; அவர் இறங்கி, எழும்பூரிலிருந்து வரும் போட் மெயிலுக்குக் காத்திருந்தார்.

போட் மெயில் என்னும் பெயர் எப்படி வந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? கப்பலோடு போய்ச் சேருகின்ற வண்டி என்பதால் வந்த பெயர் அது. முன்பெல்லாம் இலங்கைக்குத் தூத்துக்குடியிலிருந்து கப்பல் போயிற்று. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கைகளைப் போல் மேலே தூக்கிக்கொள்ளும். அந்தப் பாலத்தின் வழியே இருப்புப்பாதை இராமேசுவரம் தீவுக்குள் நுழைந்து, தீவின் கடைசி நுனிக்கு அருகிலுள்ள தனுஷ்கோடி வரை சென்றது. அங்கே வண்டியை விட்டு இறங்கினால் துறையில் நீராவிக் கப்பல் காத்திருக்கும். சில மணி நேரக் கடற்பயணம், அக்கரையில் தலைமன்னார். அங்கிருந்து மறுபடியும் இரயில், விடிந்தால் கொழும்பு. சென்னையிலேயே கொழும்புக்கு ஒரே பயணச்சீட்டாக வாங்கிவிடலாம்.

தனுஷ்கோடி அந்நாளில் பெரிய ஊரன்று. ஆனால் நிலையம் இருந்ததால் எல்லாம் இருந்தன: சுங்க அலுவலகம், அஞ்சல் நிலையம், பள்ளிக்கூடம், மாதா கோயில், மருத்துவமனை, இரயில்வே ஊழியர் குடியிருப்பு. ஐம்பது ஆண்டுகள், ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போகின்றவர்களும் வருகின்றவர்களும் அந்த நிலையத்து மணலை மிதித்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலியாட்கள் போனார்கள். கொழும்பு வணிகர்கள் வந்தார்கள். கதிர்காமத்துக்குப் போகும் பக்தர்கள் போனார்கள். அந்தக் கூட்டத்தில் ஓரிக்கைத் தகரப் பெட்டி ஒன்றும் இருந்தது.

1964ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் இரவு அந்த ஐம்பது ஆண்டுகளும் முடிந்தன. அந்தமான் பக்கத்தில் உருவான புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து தீவின் மேல் மோதியது. அன்று நள்ளிரவுக்குச் சற்று முன், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பயணிகள் வண்டி ஒன்று புறப்பட்டிருந்தது. நிலையத்தை நெருங்கும் தறுவாயில் கைகாட்டி இயங்காததால் வண்டி இருட்டில் நின்றதென்றும், ஓட்டுநர் ஊதலை ஊதிப் பார்த்துவிட்டுத் துணிந்து நகர்த்தினாரென்றும் சொல்வார்கள். அடுத்து வந்த அலை வண்டியை முழுவதுமாக விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளில் ஒருவரும் கரை சேரவில்லை. விடிந்தபோது நிலையம் இல்லை, துறை இல்லை, ஊர் இல்லை. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. நிலையம் பிறகு திறக்கப்படவே இல்லை.

இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. எங்கள் வீட்டில் இருந்தது வேறு.

புயல் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1965 சனவரியில், காணும் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், ஆயாவின் தந்தை தறியிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆயாவுக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டில் மூன்றும் பெண்கள். ஆண் வாரிசு இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவர் தம்பி. கொழும்புக்குத் தந்தி போயிற்று. உடலை அதுவரை வைத்திருக்க முடியுமா? பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். பதினாறாம் நாள் காரியத்துக்காவது தம்பி வந்துவிடுவார் என்று வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். வரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் கடிதம் வந்தது. நான்கே வரிகள்.

"தந்தி கிடைத்தது. அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. காரியத்துக்கு வர வழியில்லை. அண்ணி மன்னிக்க வேண்டும்."

தெருத் திண்ணையில் கடிதம் உரக்கப் படிக்கப்பட்டது. படித்தவர் முடித்ததும் ஒரு கிழவி சொன்னாளாம்: "வழியில்லையாம், வழி! மாசம் பொறந்தா சம்பளம் வாங்கறவனுக்கு வழியில்லையாம்!" அந்தச் சொல் வீட்டுக்குள் நுழைந்தது; பிறகு வெளியே போகவில்லை. ஆயாவின் தாய் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. அடுத்து வந்த கடிதங்களுக்கும் எழுதவில்லை. சில ஆண்டுகளில் கடிதம் வருவதும் நின்றது. 1983 சூலையில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தன என்று வானொலியில் கேட்ட அன்று ஆயா அடுப்பு மூட்டவில்லையாம். ஆனாலும் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆயா நாள் முழுதும் இலங்கை வானொலியைக் கேட்டுக்கொண்டேதான் தார் சுற்றுவார் என்று என் தாய் சொல்வார். அந்த ஊர்ப் பாட்டு வேண்டும்; அந்த ஊரில் இருந்த சித்தப்பா மட்டும் வேண்டாம்!

"அண்ணன் சாவுக்கு வராதவர்" என்பதுதான் நான் சின்னத் தாத்தாவைப் பற்றிக் கேட்ட முதல் செய்தி. கடைசிச் செய்தியும் அதுவே.

2025 ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் 2022 திசம்பரோடு வண்டிகள் நின்றுபோயிருந்தன. புதிய பாலம் வந்த பின், எங்கள் வரலாற்றுத் துறை மாணவியர் இராமேசுவரத்துக்குச் சுற்றுலா போவதென்று முடிவாயிற்று. செங்கல்பட்டிலேயே இரவு போட் மெயிலில் ஏறினோம். கப்பல் நின்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பெயர் மட்டும் அந்த வண்டியை விடவில்லை. விடியற்காலையில் பாலத்தின் மேல் வண்டி மெல்ல ஊர்ந்தபோது, பக்கத்தில் பழைய பாலம் கடலுக்குள் கால் ஊன்றி நின்றது. தோழியர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சின்னத் தாத்தாவின் பெட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இராமேசுவரத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பேருந்து. 2017இல் போட்ட தார்ச்சாலை இருபுறமும் கடலை வைத்துக்கொண்டு நேராக அரிச்சல்முனை வரை போகிறது. நடுவில்தான் பழைய தனுஷ்கோடி. கூரையில்லாத மாதா கோயில், பவளக்கல் சுவர்கள், நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கியது என்று காட்டப்பட்ட ஒரு கட்டடம். நடைமேடை எங்கே என்று கேட்டேன். சங்கு விற்றுக்கொண்டிருந்த பெரியவர் காலால் மணலைத் தட்டி, "இதுக்குக் கீழதாம்மா" என்றார். அவருடைய கடைத் துணியின் நிழலில் ஓர் ஆடு படுத்திருந்தது. ஐம்பது ஆண்டுகள் இரண்டு நாடுகளைச் சேர்த்த நிலையம் அவ்வளவுதான்.

அங்கே நின்றபடி எங்கள் பேராசிரியர் பாலத்தின் கதையைச் சொன்னார். புயலில் நிலையம் மட்டும் போகவில்லை. பாம்பன் பாலத்தின் இரும்பு விட்டங்களும் நூற்றுக்கு மேல் அடித்துச் செல்லப்பட்டன. கப்பலுக்குத் தூக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. பாலத்தைச் செப்பனிட ஆறு மாதம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். அந்தப் பணி இளம் பொறியாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 46 நாட்களில் முடித்துக் கொடுத்தார். பின்னாளில் கொங்கண் இரயில்வேயையும் தில்லி மெட்ரோவையும் அமைத்த ஈ. ஸ்ரீதரனே அவர். "நாற்பத்தாறே நாள்!" என்று பேராசிரியர் வியந்து சொன்னார். எல்லாரும் வியந்தார்கள்.

நான் வியக்கவில்லை. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

'வரலாற்றில் முதலில் தேதியைப் பார்' என்று வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தேர்வுக்காகக் கேட்டேனே தவிர, என் வீட்டுக்காக அதுவரை கேட்டதில்லை. புயல் திசம்பர் 22 இரவு. அந்த விடியலிலேயே வேலை தொடங்கியதாக வைத்துக்கொண்டாலும், 46 நாள் முடிவது பிப்ரவரி 7. எங்கள் பெரிய தாத்தா இறந்தது சனவரி 19. பதினாறாம் நாள் பிப்ரவரி 3. தந்தி போன நாளிலும், காரியம் நடந்த நாளிலும், கடிதம் எழுதிய நாளிலும் பாம்பனில் பாலம் இல்லை. தனுஷ்கோடியில் துறை இல்லை, நிலையமே இல்லை. அக்கரையில் மன்னார்ப் பகுதியையும் அதே புயல் பிய்த்தெறிந்திருந்தது. வானூர்தி இருந்தது, ஆனால் துணிக்கடைச் சிப்பந்திக்கு அது வழியா?

'வர வழியில்லை' என்று அவர் எழுதினார். பணமில்லை, மனமில்லை என்று நாம் சொல்லத் தயங்கும்போது 'வழியில்லை' என்போம். எங்கள் தெரு அப்படித்தான் படித்தது. அவரோ அந்தச் சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எழுதியிருந்தார். வழி இல்லை. கடலுக்குள் போய்விட்டது. அவ்வளவே!

ஊர் திரும்பியதும் ஆயாவிடம் சொன்னேன். முதலில் ஆயா ஒப்புக்கொள்ளவில்லை.

"புயலடிச்சது எங்களுக்குத் தெரியாதா? பேப்பர்ல போட்டாங்க. ஆனா ராமேஸ்வரத்திலேருந்து கப்பல் போவுதுன்னு அப்பவே சொன்னாங்களே. எத்தினி பேரு அதுல வந்து இறங்கினாங்க!"

ஆயா சொன்னதும் பொய்யன்று. புயலுக்குப் பின் கப்பல் தனுஷ்கோடியை விட்டு இராமேசுவரத்துக்கு மாறியது. 1980களில் இலங்கையில் கலவரம் மூண்டு நிற்கும் வரை ஓடியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள், புயலுக்கு எட்டு வாரங்களுக்கு முன்புதான், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதென்று முடிவு. அவர்களில் பல்லாயிரம் பேர் பின்னாளில் அந்தக் கப்பலில் வந்துதான் மண்டபம் முகாமில் இறங்கினார்கள். ஆயா கேட்டது அவர்களைப் பற்றிய செய்தி. ஆனால் அது பிறகு நடந்தது. பின்னாளில் திறந்த வழி, முன்னாளிலும் திறந்தே இருந்ததாக நினைவில் ஒட்டிக்கொண்டது. கோபத்துக்கு நாள்காட்டி பார்க்கத் தெரியாது.

காகிதத்தில் மூன்று தேதிகளையும் பெரிதாக எழுதி ஆயாவின் முன் வைத்தேன். ஆயா படிக்கத் தெரிந்தவர். காகிதத்தைத் தள்ளிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, பட்டு ஜரிகைத் துண்டுகள் போட்டுவைக்கும் பழைய மரப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். அறுபது ஆண்டுகள் அதைக் கிழிக்காமல் வைத்திருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது. மேலே நாள் போட்டிருந்தது: 25.1.65.

"அப்ப அந்த மனுசன் நெசத்தத்தான் எழுதியிருக்காரு" என்றார் ஆயா. சற்று நேரம் கழித்து, "நாங்கதான் ஒரு வரி எழுதல" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நான் ஆயாவுக்கு ஆறுதல் சொல்ல நினைத்து இதைத் தொடங்கினேன். ஆனால் தேதிகள் சொன்னது ஆறுதல் மட்டுமன்று. காரியத்துக்கு வராததற்குப் புயல் காரணம். அதற்குப் பின் இருபது ஆண்டுகள் கப்பல் ஓடியதே, அப்போதும் ஏன் வரவில்லை? 'வா' என்று எழுத எங்கள் வீட்டில் யாரும் இல்லை, அதுதான் காரணம். உடைந்த பாலத்தை 46 நாளில் கட்டி முடித்தார்கள். ஓர் அஞ்சலட்டையில் கட்டியிருக்கக்கூடிய பாலத்தை நாங்கள் அறுபது ஆண்டுகளாகக் கட்டவில்லை. புயலின் மேல் பழி போட்டுவிட்டு நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

அக்கரையில் தலைமன்னார் நிலையத்தையும் போர் மூடியது. 1990இல் நின்ற வண்டி, 2015 மார்ச்சில் மறுபடியும் தலைமன்னார் துறை வரை ஓடத் தொடங்கியது. இக்கரையில் இராமேசுவரம்–தனுஷ்கோடிப் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் இராமேசுவரத்திலேயே நிற்கிறது. இவ்வளவு மெல்லிய மணல் நுனியில் மறுபடியும் இருப்புப்பாதை போடுவது சரியா, இல்லையா என்பதை அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் அந்த மணலின் அடியில் கிடப்பது வெறும் கல்லும் இரும்பும் மட்டுமல்ல என்பதை மட்டும் நான் சொல்லலாம். எத்தனையோ வீடுகளின் பாதிக் கதை அங்கே நிற்கிறது. மீதிப் பாதி நம் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் இருக்கிறது. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் 'வராமல் போனவர்' ஒருவர் இருந்தால், அவர் மேல் தீர்ப்பு எழுதும் முன் தேதியை ஒரு முறை பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

கடிதத்தின் பின்புறம் கொழும்பு முகவரி இருந்தது. அந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். சின்னத் தாத்தா இருந்தால் இன்று நூறு வயதை நெருங்கியிருப்பார். அவருக்குப் பிள்ளைகள் உண்டா, அந்தக் கடை இன்னும் அங்கே இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. பதில் வந்தால் வரட்டும்.

இந்தத் தை மாதம் பெரிய தாத்தாவின் நினைவு நாள் வந்தது. வழக்கம்போல் கூடத்தில் அவருக்குப் பிடித்த பதார்த்தங்களோடு இலை போட்டுப் படைத்தோம். விளக்கேற்றப் போனபோது ஆயா என்னைத் தடுத்து, அடுக்களைக்குப் போய் இன்னொரு தலைவாழை இலையை எடுத்து வந்தார். தந்தையின் இலைக்கு நேர் எதிரே, தறியில் எதிர்ப்புறம் உட்காருவது போல், அதை விரித்தார்.

"எறந்தாரோ, இருக்காரோ தெரியலயே ஆயா. இருக்கிறவருக்குப் படைக்கலாமா?" என்று கேட்டேன்.

"படையல்னு வைக்கல. சாப்பிட வரட்டும்னு வைக்கறேன்" என்றார் ஆயா.